கடுதாசி வேண்டாம், பேர் போதும்

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், மருந்தகம் நடத்திய ஓர் அப்போதிக்கரி ஒருநாள் என்னைத் தேடி வந்தார். கதை சொல்ல வரவில்லை, சண்டை பிடிக்க வந்தார். சண்டை நடக்கவில்லை. அதற்குப் பதிலாக எனக்குக் கிடைத்ததுதான் இது.

இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக எழுதிப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் முதல் வரியிலேயே தப்பி ஓட ஒரு வழி அகப்பட்டுவிடுகிறது. அப்படி ஓடிய வரிகளை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

"வாவி அன்று கண்ணாடிபோல்..." (வாவி அன்று எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. நான் அந்தப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. அழகாகத் தொடங்கினால் நீங்கள் என்னைக் கொஞ்சம் மன்னிப்பீர்கள் என்று நினைத்திருக்கிறேன் போல.)

"யுத்தம் என்பது மனிதர்களை..." (இந்த வாக்கியத்தை முடிக்க வெட்கமாக இருக்கிறது. எல்லாவற்றையும் யுத்தத்தின் தலையில் கட்டிவிட்டுக் கையைக் கழுவுவது எனக்கு நன்றாகவே வரும்.)

"நல்லரத்தினம் காலை வெட்டிக்கொண்டது ஒரு செவ்வாய்க்கிழமை." (இது பரவாயில்லை. இதைப் பிடித்துக்கொண்டே போகலாம்.)

2

நல்லரத்தினம் காலை வெட்டிக்கொண்டது ஒரு செவ்வாய்க்கிழமை. தொண்ணூற்றேழாம் ஆண்டு, மாரி ஓய்கிற நேரம். வயல் வட்டையில் வரம்பு கட்டிக்கொண்டு நின்றவர். மண்வெட்டி சறுக்கிக் கணுக்காலுக்கு மேலே இறங்கிவிட்டது. மனைவி கண்ணகை கோப்பித்தூளை அப்பித் துணியால் இறுக்கிக் கட்டினாள். மூன்றாம் நாள் கால் வீங்கிப் பளபளத்த பிறகுதான் இருவரும் அருமைநாயகத்தின் மருந்தகத்துக்கு வந்தார்கள்.

(கண்ணகையை நான் 'அவள்' என்று எழுதுகிறேன். நேரில் என்றால் 'நீங்கள், அக்கா' என்றுதான் பேசியிருப்பேன். கதைக்குள் வந்ததும் ஏழைகளுக்கு மரியாதை குறைந்துவிடுகிறது. திருத்தப் பார்த்தேன், வசனம் இழுபட்டது, விட்டுவிட்டேன். இதையும் என் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.)

அருமைநாயகம்தான் நான் சொன்ன அப்போதிக்கரி. முழு டொக்டர் இல்லை. ஆனால் ஐந்தாறு ஊர்களுக்கு அவரை விட்டால் வேறு டொக்டரும் இல்லை. அந்த ஊர்களின் பெயர்களை இங்கே எழுதவில்லை. எழுதினால் யாராவது போய் விசாரிப்பார்கள். ஐம்பத்து மூன்று வயது, முன்கோபம், சுத்தமான கை. கட்டை அவிழ்த்தார், முகர்ந்தார், கோப்பித்தூளுக்காகக் கண்ணகையை ஒரு பாட்டம் ஏசினார்.

"இது என்ர கைக்கு அடங்காது. நாளைக்கு வெள்ளண அங்கால கொண்டு போ. இனி என்ன மருந்து குடுக்கணும் எண்டு அவங்களிட்டக் கேட்டுக்கொண்டு வா புள்ள. கடுதாசி வேணாம், பேர் போதும்."

'அங்கால' என்றால் வாவிக்குக் கிழக்கே. மேற்கே இயக்கம், கிழக்கே ஆமி, நடுவே தண்ணீர். பெரிய ஆஸ்பத்திரி கிழக்கே இருந்தது. மேற்கே போகும் ஒவ்வொரு சாமானையும் துறையில் இருந்த செண்ரி என்ற ஆமிக் காவலரணில் கொட்டிப் பார்ப்பார்கள். பற்றரி போகக்கூடாது, மருந்து போகக்கூடாது. மருந்தின் பெயர் எழுதிய கடுதாசியும் போகக்கூடாது என்று சட்டம் எதுவும் இருக்கவில்லை. ஆனாலும் இரண்டு வருடத்துக்கு முன் இராசதுரை என்றொருவர் ஆஸ்பத்திரிக் கடிதத்தோடு வந்தபோது, அதில் நாலு மருந்துப் பெயர்களைக் கண்டு, காட்டிலிருக்கும் இயக்கத்துக்குப் பட்டியல் கொண்டுபோகிறான் என்று பிடித்து ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். திரும்பி வந்தவருக்கு ஒரு காது கேட்காது.

அன்றைக்குத்தான் அருமைநாயகம் அந்த விதியைப் போட்டார். ஆஸ்பத்திரியில் தரும் கடிதத்தைத் துறைக்கு முன்னமே கிழித்துவிட வேண்டும். என்ன மருந்து குடுக்க வேண்டும் என்பதை மட்டும் பாடமாக்கிக்கொண்டு வந்து அவரிடம் சொல்ல வேண்டும். மிச்சத்தைக் காயத்தைப் பார்த்து அவரே அறிந்துகொள்வார். சனமும் நன்றாகவே பழகிக்கொண்டது. கையெழுத்துப் போடத் தெரியாத ஆச்சிப்பிள்ளை என்பவள், தோணியில் ஏறினதிலிருந்து இறங்கும் வரை 'மெட்ரோனிடசோல், மெட்ரோனிடசோல்' என்று முணுமுணுத்துக்கொண்டு வந்து வெள்ளைக்காரி மாதிரி ஒப்புவித்தாளாம். அதை என்னிடம் சொல்லும்போது, அந்த நிலையிலும், அருமைநாயகத்தின் முகத்தில் ஒரு பெருமை வந்து போனது.

இரண்டு வருடம் ஒரு பிழையும் வரவில்லை. சின்னதாக ஒன்று வந்திருந்தால் யாராவது யோசித்திருப்பார்கள்.

3

இனி ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டொக்டர் வரவேண்டும். இந்த ஆள்தான் என்னை அதிகம் அலைக்கழித்தவர்.

ஒரு வரைவில் அவரைத் திமிர் பிடித்தவராக ஆக்கினேன். நோயாளியின் முகத்தைப் பார்க்காமல் எழுதுகிறவர், தமிழ் தெரியாதவர், மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பவர். வாசித்த நண்பர் "நல்ல வில்லன்" என்றார். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. இன்னொரு வரைவில் அவரை எடுத்துவிட்டு, புஸ்பம் என்றொரு தாதியை உருவாக்கி, எல்லாப் பிழையையும் அந்த அப்பாவியின் வாயில் போட்டேன். அப்படி ஒரு தாதி இருக்கவே இல்லை. மூன்றாவது வரைவில் இளம் டொக்டர் நல்லவர், களைத்துப்போனவர், முப்பது மணித்தியாலம் தூங்காதவர்...

போதும். இளம் டொக்டர் நான்தான். வடக்கிலிருந்து அந்த ஆஸ்பத்திரிக்கு வந்து மூன்று வாரம். பத்து மணித்தியாலம் தூங்கி எழும்பி, நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் வேலைக்கு வந்திருந்தேன்.

அவசரப் பிரிவுக்கு நல்லரத்தினத்தைக் கொண்டுவந்தபோது காயத்தைக் கழுவிப் பென்சிலின் ஊசி போடச் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுத்து, ஆள் சரிந்துவிட்டார். சில உடம்புகளுக்கு அந்த மருந்து ஆகாது. அட்ரினலின் கைக்கெட்டும் தட்டிலேயே இருந்தது. குத்தினேன், ஆள் திரும்பி வந்தார். கண்ணகை ஆஸ்பத்திரி வாசல் கேட்டுக்கு வெளியே நின்றாள். சொந்தக்காரரை உள்ளே விடுவதில்லை. அவள் மறுநாள் வந்தபோது அவர் கட்டிலில் இருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

அன்று பகல் கண்ணிவெடியில் அகப்பட்ட பஸ் ஒன்றிலிருந்து பதினேழு பேரைக் கொண்டுவந்து இறக்கினார்கள். எங்களுக்குக் கட்டில் வேண்டும். நடக்கக்கூடியவர்களுக்கெல்லாம் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினோம். நல்லரத்தினத்துக்கு வேறு குளிசைகள் தந்து, அவருடைய ஊர் டொக்டருக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினேன். நல்ல கடிதம். என்ன நடந்தது, எப்போது நடந்தது, இவருக்கு இனிமேல் பென்சிலின் ஒருபோதும் கொடுக்கவேண்டாம். கடைசி வரியின் கீழே சிவப்பு மையால் இரண்டு கோடு.

கடிதத்தை வாங்கிய கண்ணகை போகவில்லை. தயங்கி நின்று கேட்டாள்.

"டொக்டர், மருந்துட பேர் என்ன?"

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை நான் எழுதத்தான் வேண்டும். படிக்காத ஒரு பெண், புருஷனுக்கு ஆகாத மருந்தின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள நினைக்கிறாளே என்று சந்தோஷமாக இருந்தது.

"பென்சிலின். எங்கை, திருப்பிச் சொல்லுங்கோ பாப்பம்."

"பென்சிலின்."

"கெட்டிக்காரி," என்றேன். பிறகு ஸ்ட்ரெச்சர் ஒன்று வந்தது, திரும்பிவிட்டேன்.

(கடிதத்தைக் கட்டாயம் கொடுக்கவேண்டும் என்று சொன்னேனா? சொன்னதாகத்தான் எழுத வருகிறது. சத்தியம் பண்ண முடியாது. அந்த மருந்து ஆகாது என்று அவளுக்கு விளங்கும்படி ஒரு வசனம் சொன்னேனா? இல்லை. அவளுக்கு ஏற்கெனவே தெரியும், அதனால்தான் கேட்கிறாள் என்று நானே எடுத்துக்கொண்டேன்.)

4

ஆரையம்பதி தாண்டித் துறைக்குப் போனதும் கண்ணகை செய்யவேண்டியதைச் செய்தாள். கடிதத்தை எட்டாகக் கிழித்துத் தண்ணீரில் விட்டாள். செண்ரியில் குளிசைகளைப் பறித்துக்கொண்டார்கள். தோணியில் இருந்த நேரமெல்லாம் அவள் வாய்க்குள் அந்த ஒரு பெயர்தான் ஓடியது.

இரண்டு நாள் கழித்துக் காயம் மறுபடி மணக்கத் தொடங்கியது. இருவரும் மருந்தகத்துக்கு வந்தார்கள். இந்தக் காட்சியை அருமைநாயகம் என்னிடம் மூன்று தரம் சொன்னார். மூன்று தரமும் ஒரு சொல் மாறவில்லை.

"பேர் என்ன சொன்னாங்க?"

"பென்சிலின்."

"பாருங்க, என்ன சுத்தமாச் சொல்றா. ஊசியா, குளிசையா?"

"ஊசிதான் போட்டவங்க ஐயா. குளிசையும் தந்த. அத செண்ரியில பறிச்சிட்டாங்க."

நல்லரத்தினம் சிரித்தார். "ஊசி போட்டோண்ண எனக்குத் தலையச் சுத்திற்று, டொக்டர் ஐயா. கண்ணும் தெரியல்ல. மறுகா முழிச்சிப் பாத்தா வாட்டுக்குள்ள கிடக்கன்."

"ரெண்டு மூட்டை நெல்லை ஒண்டாத் தூக்கிற ஆள், ஊசியக் கண்டு மயங்கி விழுந்திருக்காரு," என்றாள் கண்ணகை. "வெளிய சொல்லிராதீங்க ஐயா, வெக்கம்."

மூவரும் சிரித்தார்கள். அருமைநாயகம்தான் அதிகமாகச் சிரித்தார். ஊசிக்கு மயங்கி விழுகிற பெரிய பெரிய ஆண்பிள்ளைகளை அவர் முப்பது வருடமாகக் கண்டிருக்கிறார். பென்சிலினை முதன்முதலில் போடுகிறவர்களுக்குக் கையில் ஒரு துளி குத்தி அரை மணி நேரம் பார்ப்பது அவர் வழக்கம். ஆஸ்பத்திரியிலேயே போட்டுத்தானே அனுப்பியிருக்கிறார்கள், பிறகெதற்கு என்று விட்டார். அவரிடம் கடைசியாக இருந்த போத்தல்களில் ஒன்று அது. இந்த மனிதருக்குக் கொடுக்க அது இருக்கிறதே என்று நிம்மதிப்பட்டாராம்.

(இந்த இடத்தில் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். அது எப்படி நடக்கும் என்பது எனக்குத் தெரியும், நான் ஒரு தரம் பார்த்தவன். எனக்குக் கையெட்டும் தட்டில் இருந்த அட்ரினலின் அவருடைய அலுமாரியில் ஐந்து மாதமாக இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.)

நல்லரத்தினம் மருந்தகத்துக் கதிரையிலேயே இறந்துபோனார். காயத்து விஷம் நெஞ்சுக்கு ஏறிவிட்டது என்று சனம் சொல்லிக்கொண்டது. அருமைநாயகம் மறுக்கவில்லை. ஆனால் ஊசிதான் கொன்றது என்று அவருக்கு அந்த நிமிடமே தெரியும். அதைக் கொடுக்கச் சொன்ன ஆஸ்பத்திரி டொக்டரை அவர் அன்றிலிருந்து மனதுக்குள் ஏசத் தொடங்கினார்.

5

அரச உத்தியோகத்தர் என்பதால் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, ஆஸ்பத்திரி இருந்த புளியந்தீவுக்கு வந்து கந்தோரில் அறிக்கை கொடுக்க அவருக்கு அனுமதி இருந்தது. மூன்று வாரம் கழித்து அப்படி வந்தவர், நேரே ஆஸ்பத்திரிக்கு வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார். என்னென்ன கேட்க வேண்டும் என்று தோணியிலும் பஸ்ஸிலும் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"மண்வெட்டியால கால் வெட்டுப்பட்ட நல்லரத்தினம். துண்டு வெட்டினது நீங்கதானே?"

"ஓம், ஓம். எப்பிடி இருக்கிறார்? கால் ஆறிட்டுதோ?"

நான் முகம் மலர்ந்து கேட்டேனாம். அது அவருடைய ஒத்திகையில் இருக்கவில்லை.

"ஆள் இல்ல," என்றார். "ஊசி ஏத்தின கதிரையிலேயே முடிஞ்சி போச்சி. ஏன் தம்பி அவருக்குப் பென்சிலின் குடுக்கச் சொன்னீங்க?"

"குடுக்க வேண்டாம் எண்டெல்லோ எழுதினனான்!"

என் குரல் உயர்ந்துவிட்டது. வாட்டுப் புத்தகத்தை இழுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் தள்ளினேன். கடிதத்தின் பிரதி அதில் இருந்தது, சிவப்புக் கோடுகளோடு. என்னைக் காப்பாற்றிக்கொள்ள எனக்கு அவ்வளவு அவசரம். அவர் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டு, விரலை வைத்து வரிவரியாக வாசித்தார். எட்டு வரிதான். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து வாசித்தார்.

"கடுதாசி வேணாம் எண்டு சொல்லி அனுப்பினது நான்," என்றார்.

அப்போதுதான் அந்த விதியைப் பற்றி முதன்முதலாகக் கேள்விப்பட்டேன். ஆறு கிழமையாக அந்த ஆஸ்பத்திரியில் இருந்த எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் விசாரிக்கவில்லை. மேற்கேயிருந்து வருகிற பெண்கள் ஏன் எல்லோரும் மருந்தின் பெயரைக் கேட்கிறார்கள் என்று ஒரு நாளாவது யோசித்திருக்கலாம்.

"பேரைச் சொல்லிக் குடுத்தது நான்," என்றேன்.

அவர் புத்தகத்தை மூடினார். "அவளுக்குத் தெரியாது தம்பி. வாறவங்க போறவங்களிட்ட எல்லாம், 'நான் ஒரு எழுத்து விடாமக் கொண்டந்து குடுத்தன், அவர்ர விதி முடிஞ்சிட்டு' எண்டுதான் சொல்லிக்கொண்டு திரியிறாள். அந்த ஒண்டாலதான் எழும்பி நடக்காள்."

6

இனி அருமைநாயகத்துக்கு வந்த சங்கடத்தைச் சொல்லவேண்டும். விதியை அப்படியே விட்டால் இன்னொருவர் சாவார். கடுதாசி கொண்டுவாருங்கள் என்று மாற்றினால் இன்னொருவர் காதை இழப்பார். மூன்றாவதாக ஒரு வழி இருந்தது, சின்ன வழி: பெயரோடு சேர்த்து, அதைக் கொடுக்கவா கொடுக்கக்கூடாதா என்பதையும் பாடமாக்கிக்கொண்டு வரச்சொல்வது. ஒரே ஒரு சொல்தான் கூடும். ஆனால் ஏன் இந்தப் புது விதி என்று ஊர் கேட்கும். கேட்பவர்களில் ஒருத்தி கண்ணகையாக இருப்பாள்.

இரண்டு கிழமை பொறுத்துப் பார்த்தார். அதற்குள் அங்கால போகிற பெண்களுக்கு, பெயரை எப்படி நாவிலிருந்து விழாமல் வைத்திருப்பது என்று கண்ணகை சொல்லிக்கொடுக்கத் தொடங்கிவிட்டாள். அதைக் கேட்டபிறகு அவரால் பொறுக்க முடியவில்லை. கண்ணகை இல்லாத ஒரு நேரம் பார்த்து, வாங்குப் பலகையில் இருந்த நாலைந்து பேரிடம் புது விதியைச் சொன்னார். "இப்ப புதுப் புது மருந்தெல்லாம் வருகுது, அதுதான்," என்று ஒரு காரணமும் சொன்னார். தனக்கே அது பொய்யாகக் கேட்டது என்றார்.

(இங்கே கண்ணகை அழுதுகொண்டு ஓடிவருவதாக ஒரு காட்சி... இல்லை. அவள் ஓடிவரவில்லை. நாலு நாள் கழித்துத்தான் வந்தாள்.)

காலை எட்டு மணிக்கே வந்து வாங்கின் கடைசியில் இருந்தாள். முறை வரும்போதெல்லாம் பக்கத்தில் இருந்தவரை முன்னால் போகவிட்டாள். அருமைநாயகம் கண்டுகொண்டார். ஒவ்வொரு நோயாளியையும் வழக்கத்தைவிட நேரமெடுத்துப் பார்த்தார். சளித் தடிமனுக்கு வந்தவரின் முதுகில்கூடக் குழாயை வைத்துப் பார்த்தார். பன்னிரண்டு மணிக்கு வாங்கில் அவள் மட்டும் இருந்தாள். காய்ச்சலா என்று கேட்டார். இல்லை என்றாள்.

"ஐயா, புதுசா ஒண்டு சொல்லியிருக்கீங்களாம்."

"ஓம் புள்ள."

"குடுக்கவோ குடுக்கப்படாதோ எண்டும் கேட்டு வரணுமாம்."

"ஓம்."

அவள் நல்லரத்தினம் இருந்த கதிரையைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்துக் கேட்டாள்.

"நான் கொண்டந்தது எது, ஐயா?"

7

அருமைநாயகம் அடுத்த மாதம் வந்து, இதுவரைதான் எனக்குச் சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் "நீங்கள் என்ன சொன்னனீங்கள்?" என்று கேட்கவில்லை. அவர் சொல்லவுமில்லை. அதற்குப் பிறகு அவர் வரும் திங்கட்கிழமைகளில் நானும் அவரும் ஒரு கொப்பியை வைத்துக்கொண்டு, மேற்கே போன ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் வாயால் பேசிக்கொள்வோம். ஆறு மாதம் அது நடந்தது. பிறகு பாதையை மூடினார்கள், நான் மாற்றலாகிப் போனேன்.

ஆகவே முடிவுகளை நானே செய்யவேண்டியிருக்கிறது.

ஒரு முடிவில் அவர், "குடுக்கச் சொன்னதுதான் புள்ள. ஆஸ்பத்திரிக்காரன் விட்ட பிழை," என்கிறார். எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது. கண்ணகை என்னை ஏசுகிறாள், மண்ணை அள்ளித் தூற்றுகிறாள், ஆனால் எழும்பி நடக்கிறாள். பழியைத் தாங்கிக்கொண்ட நல்லவனாக நான் தெரிகிறேன் என்பதுதான் இந்த முடிவில் உள்ள பிழை.

இன்னொன்றில் உண்மையைச் சொல்கிறார். "குடுக்கப்படாது எண்டதுதான். ஆனா பேரை மட்டும் கொண்டு வா எண்டது நான்." அவள் அதைக் கேட்டுக்கொண்டு... (இந்த வாக்கியத்தைப் பலமுறை எழுதினேன். அவளை அழவைத்தேன், சிரிக்கவைத்தேன், பேசாமல் எழும்பி வாசலைத் தாண்டிப் போகவைத்தேன். எதையும் நம்ப முடியவில்லை.)

மூன்றாவதில் அவர் வாயைத் திறக்கவே இல்லை. அது அவளுக்குப் போதுமானதாக இருந்தது. இப்படித்தான் நடந்திருக்கும் என்று என் மனம் சொல்கிறது. அதனாலேயே அதை நீட்டி எழுதப் பயமாக இருக்கிறது.

அருமைநாயகம் சுனாமிக்கு முந்திய வருடம் காலமானார். கண்ணகை உயிரோடு இருக்கிறாள் என்று போன மாதம் அந்தப் பக்கத்துப் பழைய நோயாளி ஒருவர் சொன்னார். இப்போது செண்ரி இல்லை. துறையில் தோணியும் வேண்டாம், பாலம் போட்டுவிட்டார்கள். நான் ஓய்வு பெற்று நாவற்குடாவில்தான் இருக்கிறேன். மோட்டார் சைக்கிளில் முக்கால் மணி நேரம்.

அந்தக் கேள்வியை அவள் அருமைநாயகத்திடம் கேட்டாள். கேட்கப்பட்டிருக்க வேண்டியவன் நான். அவருக்கு எனக்காகவும் சேர்த்துப் பதில் சொல்லவேண்டி வந்தது. முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு எழும்புவது இந்த மாதிரிக் கதைகளில் வழக்கம். உங்களுக்கு அந்தச் சுதந்திரம் உண்டு, எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்களில் யாராவது அந்த ஊர்ப் பக்கம் போகிறவராக இருந்தால், இந்தப் பக்கங்களை அவளிடம் வாசித்துக் காட்டவேண்டாம். சொல்லவேண்டியதை ஒருமுறை இன்னொருவர் வாயில் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் அடித்து வைத்திருக்கிறேன். அடித்து ஐந்து கிழமை ஆகிறது.